உங்களுக்குத் தெரியுமா? கொல்கத்தா மாடியில் ஒரு சீமைக் கத்தரி

● தக்காளி வங்காளத்துக்கு வந்த புதிதில் அதற்குப் பெயர் ‘பிலாதி பேகுன்’. பேகுன் என்றால் கத்தரிக்காய். பிலாதி என்றால் சீமையிலிருந்து வந்தது. ஆக, சீமைக் கத்தரிக்காய்! இன்று கொல்கத்தா கடைத்தெருவில் ‘டொமேட்டோ’ என்றுதான் கேட்டு வாங்குகிறார்கள். பக்கத்து ஒடிசாவில் இன்னும் ‘பிலாதி பாய்கண’ என்கிறார்கள். அசாமில் அந்தப் பிலாதியே தேய்ந்து ‘பிலாஹி’ ஆகிவிட்டது. அங்கே ‘சீமையது’ என்றாலே தக்காளிதான்.

● தமிழர் கண்ணுக்கு அது கத்தரியாகத் தெரியவில்லை. நம் வேலியோரத்தில் ஏற்கெனவே ஒரு தக்காளி இருந்தது. உறைக்குள் உருண்டையாகக் காய்த்து, நெற்றியில் அடித்தால் ‘டப்’பென்று வெடிக்கும் சொடக்குத் தக்காளி. மணத்தக்காளியும் இருந்தது. புதிதாகக் கப்பலில் வந்த பழத்துக்கு அந்தப் பெயரையே கொடுத்து, முன்னால் ஒரு ‘சீமை’யைச் சேர்த்தார்கள். காலப்போக்கில் சீமை உதிர்ந்தது. இன்று தக்காளி என்றாலே வந்த பழம்தான். பெயருக்குச் சொந்தக்காரனான வேலியோரச் செடிதான் சொடக்கு என்ற அடைமொழியோடு நிற்கிறது.

● வங்காளியின் கணிப்பு சரியா, தமிழனின் கணிப்பு சரியா? இரண்டுமே சரி. 1753-ல் லின்னேயஸ் தக்காளியைக் கத்தரியும் மணத்தக்காளியும் இருக்கும் ‘சோலானம்’ பேரினத்தில்தான் வைத்தார். 1754-ல் பிலிப் மில்லர் அதைத் தனிக்குடித்தனம் அனுப்பினார். மரபணு ஆய்வுகள் வந்தபின் மறுபடியும் கூட்டுக்குடும்பத்துக்கே திரும்பிவிட்டது. 2012-ல் தக்காளியின் முழு மரபணு வரிசை வெளியானது. அதில் 5-ஆவது குரோமோசோமைப் படித்துச் சொன்னவர்கள் இந்திய விஞ்ஞானிகள்.

● நம் வீட்டுத் திவசச் சமையலில் தக்காளி சேர்ப்பதில்லை அல்லவா? பூரி ஜெகந்நாதர் கோயில் மடைப்பள்ளியிலும் கிடையாது. சமையலறை முழுக்கக் குடியேறிய பிறகும் அந்த இரண்டு இடங்களில் அது இன்னும் வெளியூர்க்காரன்தான்.

● கொல்கத்தாவின் தோட்டக்கலைக்குப் பெரிய வரலாறு உண்டு. ஹூக்ளி ஆற்றங்கரையில் ஷிப்பூர் தாவரவியல் பூங்காவை 1787-ல் ராபர்ட் கிட் தொடங்கினார். 1793 முதல் அதை வளர்த்தெடுத்த வில்லியம் ராக்ஸ்பரோ, அதற்கு முன் பல ஆண்டுகள் சென்னை மாகாணத்தில் செடி சேகரித்தவர். பூங்காவில் இருந்த சுமார் 3,500 செடிகளின் பட்டியலை 1814-ல் செராம்பூரில் அச்சிட்டு வெளியிட்டவர் பாதிரியார் வில்லியம் கேரி. அதே கேரிதான் 1820-ல் வேளாண்-தோட்டக்கலைச் சங்கத்தைத் தொடங்கினார். அலிப்பூரில் அந்தச் சங்கம் இன்றும் இயங்குகிறது. பூங்காவுக்கு இப்போது ஜகதீஷ் சந்திர போஸின் பெயர்.

● ஆனாலும் தக்காளி முதலில் வெள்ளைக்காரர் மேசைக்கே விளைந்தது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கொல்கத்தாவில் அச்சான ஜார்ஜ் வாட்டின் பொருளாதாரப் பயிர்க் களஞ்சியம், உள்நாட்டு மக்கள் அப்போதுதான் இதை விரும்பத் தொடங்கியிருப்பதாகச் சொல்கிறது. வங்காளிகளும் பர்மியரும் புளிக்கறிகளில் போடுகிறார்களாம். புளிப்பு வழியாகத்தான் வீட்டுக்குள் நுழைந்திருக்கிறது. நம் ரசத்துக்குள் நுழைந்ததும் அந்த வழிதானே!

● பாரம்பரியத் தக்காளி என்றால் என்ன? பழத்தின் விதையை எடுத்து விதைத்தால் தாயைப் போலவே பிள்ளை வரவேண்டும். அவ்வளவுதான் அடிப்படை. ஒரு குடும்பத்திலோ ஊரிலோ கை மாறிக் கை மாறி, ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அப்படியே வந்திருந்தால் அதைப் பாரம்பரிய ரகம் என்கிறார்கள். பொட்டலத்தில் ‘எஃப் 1’ என்று போட்டிருந்தால் அது முதல் தலைமுறைக் கலப்பினம். அந்தப் பழத்தின் விதையைப் போட்டால் ஒரு செடி குட்டை, ஒன்று நெட்டை, ஒரு பழம் உருண்டை, ஒன்று நீளம் என்று ஆளுக்கொரு சாயலில் நிற்கும். விதை எடுத்து வைக்க நினைப்பவர்கள் பொட்டலத்தில் முதலில் தேட வேண்டியது இந்த ஓரெழுத்தையும் ஓரெண்ணையும்தான்.

● வங்காள விவசாயிகள் வெகுநாளாக விதை எடுத்து வரும் ஒரு தக்காளிக்கு ‘பாத்தர்குச்சி’ என்று பெயர். பாத்தர்குச்சி என்றால் சரளைக்கல். நம் ஊர் ரணகள்ளி இலையையும் அங்கே இதே பெயரால்தான் அழைக்கிறார்கள். கேட்டு வாங்கும்போது செடிக்காரர் ரணகள்ளியை நீட்டிவிடக்கூடும். ‘டொமேட்டோ’ என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

● தேனிப் பக்கம் அன்னஞ்சி என்ற ஊரின் பெயரில் ஒரு நாட்டுத் தக்காளி இருந்தது. அந்த விதையில் சடுதி மாற்றத்தைத் தூண்டி, பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி உருவாக்கியதுதான் பி.கே.எம். 1. தட்டையான உருண்டை, காம்பைச் சுற்றிப் பச்சைத் தோள், நெடுந்தூரப் பயணத்தைத் தாங்கும் உடம்பு. கலப்பினம் இல்லை என்பதால் விதை எடுக்கலாம். என் மாடியில் நிற்பதும் பெரியகுளம் பக்கத்து உறவினர் ஒருவர் காகிதத்தில் மடித்துக் கொடுத்த நாட்டு விதையின் வாரிசுதான்.

● அந்தப் பச்சைத் தோள் இருக்கிறதே, அதை இளக்காரமாகப் பார்க்காதீர்கள். பழம் ஒரே சீராகச் சிவக்க வேண்டும் என்று பல பத்தாண்டுகளாக வணிக ரகங்களில் அந்தத் தோளை ஒழித்துக்கட்டினார்கள். ஒழித்தபோது என்ன போயிற்று என்பது 2012-ல்தான் தெரிந்தது. தோளுக்குப் பச்சை தருகிற மரபணு, காயிலேயே பச்சையத்தைக் கூட்டி, சர்க்கரை தயாரிக்கவும் உதவுகிறது. அது பழுதானால் பழம் அழகாக இருக்கும், இனிப்பு குறையும். சந்தையில் இரண்டு குவியல் இருந்தால் நான் தோள் பச்சையாக இருப்பதைத்தான் பொறுக்குவேன்.

● ‘பிங்க்’ தக்காளிக்கும் சிவப்புத் தக்காளிக்கும் சதையில் வித்தியாசமே இல்லை! தோலை உரித்து வெளிச்சத்தில் பிடியுங்கள். சிவப்புப் பழத்தின் தோல் மஞ்சள் கண்ணாடி போல இருக்கும். பிங்க் பழத்தின் தோலுக்கு நிறமே இருக்காது. உள்ளே இரண்டும் ஒரே சிவப்பு. கிரிமியாவிலிருந்து வந்த ‘பிளாக் கிரிம்’ போன்ற கறுப்பு ரகங்களில் நடப்பது வேறு: பழுத்த பிறகும் பச்சையம் முழுசாகப் போவதில்லை. பச்சையின் மேல் சிவப்பு ஏறி, பழுப்பாகத் தெரிகிறது.

● அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் சார்லி பைல்ஸ் என்ற வண்டிப் பழுதுபார்ப்பவர் பெரிய தக்காளிகளை ஒன்றோடொன்று கலந்து ஒரு ரகத்தை உண்டாக்கினார். நாற்று ஒன்று ஒரு டாலர். விற்ற காசில் 6,000 டாலர் வீட்டுக்கடனை ஆறே ஆண்டில் அடைத்தாராம். அந்த ரகத்தின் பெயரே ‘அடமானம் தீர்ப்பான்’ என்ற பொருள்படும் ‘மார்ட்கேஜ் லிஃப்டர்’. வரி வரியாகப் பச்சை ஓடும் ‘கிரீன் ஸீப்ரா’வைப் பார்த்தால் பழங்காலத்து ரகம் என்று தோன்றும். அது 1983-ல் டாம் வாக்னர் வெளியிட்டது.

● கொல்கத்தாவில் தக்காளிக்குக் காலம் சொல்வது இரவு வெப்பம். இரவில் சுமார் 15 முதல் 21 டிகிரி வரை இருந்தால் பூ நன்றாகப் பிஞ்சாகும். ஜனவரியில் இங்கே குறைந்தபட்ச வெப்பம் 14 டிகிரியை ஒட்டி இருக்கும். ஏப்ரல் இரவில் 25-ஐத் தொடும். அப்போது செடி பச்சைப்பசேல் என்று நிற்கும், பூக்கும், பூவெல்லாம் காம்போடு உதிரும். உரம் போதவில்லை என்று நினைத்து மேலும் மேலும் போடுகிறவர்களைப் பார்த்தால் மனசு வலிக்கிறது. குற்றம் உரத்தில் இல்லை, நாள்காட்டியில் இருக்கிறது.

செப்டம்பர் 17-ஐ ஒட்டி வரும் விஸ்வகர்மா பூஜையன்று கொல்கத்தாவின் மொட்டை மாடிகளில் பட்டம் பறக்கும். ‘போ-காட்டா’ என்று கத்தும் சத்தம் தெருத்தெருவாகக் கேட்கும். எனக்கு அதுதான் விதைக்கும் நாள். அன்று போட்டால் ஒரு மாதத்தில் நாற்று. பெரிய பழ ரகங்களுக்கு நட்டதிலிருந்து 80 நாளுக்கு மேல் வேண்டும். பொங்கலுக்குள் முதல் பழம் கைக்கு வரும். நவம்பர்வரை தள்ளிப்போட்டால் சிறு பழ ரகங்களே நல்லது. அவற்றுக்கு 60, 65 நாள் போதும்.

● நாற்றுக்குத் தட்டு வாங்க வேண்டாம். கொல்கத்தா டீக்கடையின் மண் கோப்பையான ‘பாண்ட்’ இருக்கும்போது எதற்கு? குடித்து முடித்ததும் கழுவி, அடியில் ஆணியால் மெல்லத் துளை போடுங்கள். அழுத்தினால் உடையும், ஈரமாக ஊறியிருக்கும்போது ஆணியைத் திருகித் திருகி இறக்கினால் நிற்கும். பூச்சு இல்லாத மண் என்பதால் பக்கவாட்டிலும் காற்றும் ஈரமும் போய்வரும். நாற்றின் கழுத்து அழுகிச் சாய்வதற்குக் காரணம் தேங்கும் ஈரம்தான். பாண்டில் அது குறைவு. பாண்டுகளை ஒரு தாம்பாளத்தில் வைத்து, தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றினால் மண் கீழிருந்தே உறிஞ்சிக்கொள்ளும். விதை ஐந்திலிருந்து எட்டு நாளில் முளைக்கும். இரண்டாவது சோடி நிஜ இலை வந்ததும் வேறு தொட்டிக்கு மாற்றிவிடுங்கள், பாண்ட் சின்னது.

● நடும்போது தண்டை ஆழமாகப் புதையுங்கள். மண்ணுக்குள் போன தண்டு முழுக்க வேர் விடும். கத்தரிக்குக்கூட இவ்வளவு தாராளம் கிடையாது.

● தக்காளிச் செடியைக் கட்டி முடித்துக் கை கழுவும்போது தண்ணீர் மஞ்சளாக ஓடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? தண்டிலும் இலையிலும் உள்ள நுண்ணிய மயிர்களின் நுனியில் சுரக்கும் பிசின் அது. தக்காளிச் செடியின் வாசனை குடியிருப்பதும் அங்கேதான்.

● தமிழ்நாட்டு மாடியில் கடலைப் புண்ணாக்கு. கொல்கத்தா மாடியில் ‘சொர்ஷேர் கோல்’, கடுகுப் புண்ணாக்கு. ஆறேழு நாள் தண்ணீரில் ஊறப்போட்டால் தெருமுனைவரை நாற்றம் போகும். அதைத் தெளிந்த நீரில் கலந்து, இங்கே ‘லிக்கர் சா’ என்கிறார்களே, பால் விடாத தேநீர், அந்த நிறத்துக்குக் கொண்டுவந்து வேரடியில் ஊற்ற வேண்டும். கங்கை வண்டல் காய்ந்தால் ஓடு, நனைந்தால் சேறு. மணலும் தொழு உரமும் தென்னைநார்க் கழிவும் கலக்காமல் தொட்டியில் நிரப்பாதீர்கள்.

● தக்காளிப் பூவில் மகரந்தம் உப்புக் குப்பியில் உப்பு இருப்பது போலக் குழலுக்குள் அடைபட்டிருக்கும். குலுக்கினால்தான் கொட்டும். சாதாரணத் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. கட்டையைத் துளைத்துக் கூடு வைக்கும் கருவண்டு பூவைப் பற்றிக்கொண்டு, இறக்கையை அசைக்காமல் மார்புத் தசையை மட்டும் அதிரவிடும். ‘ஜ்ங்ங்’ என்று ஒரு சத்தம். மகரந்தம் அதன் வயிற்றில். வயிற்றில் நீலப் பட்டை போட்ட சிறு தேனீயும் இதைச் செய்யும். ஐந்தாவது மாடிக்கு வண்டு வரவில்லை என்றால், காலை பத்து மணிவாக்கில் பூங்கொத்தின் காம்பை விரலால் சுண்டுங்கள்.

● நேற்றுவரை நன்றாக இருந்த செடி, இலை மஞ்சளாகக்கூட மாறாமல் ஒரே பகலில் தொங்கிவிட்டதா? தண்டின் அடியில் ஒரு துண்டு வெட்டி, கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் நிறுத்துங்கள். சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால்நூல் போல இறங்கினால் அது பாக்டீரியா வாடல். வங்காளத்தின் ஈரமும் வெப்பமும் கலந்த மண்ணில் இது அதிகம். மருந்து தேடாதீர்கள். செடியையும் மண்ணையும் அப்புறப்படுத்துங்கள். அந்தத் தொட்டி மண்ணில் கத்தரி, மிளகாய்கூட வேண்டாம்.

பழைய ரகங்களுக்கு இந்த நோயைத் தாங்கும் சக்தி பெரும்பாலும் இல்லை. அதற்கு ஒரு வழி இருக்கிறது: தாங்கும் கத்தரி வேரில் தக்காளியை ஒட்டுவது. தைவானில் உள்ள உலகக் காய்கறி மையம் மழைக்காலத்துக்கு இதைத்தான் பரிந்துரைக்கிறது. கத்தரி வேர் தண்ணீர் தேங்கினாலும் சமாளிக்கும். வாரணாசியில் உள்ள இந்தியக் காய்கறி ஆராய்ச்சி நிறுவனம் ஒரு படி மேலே போய், ஒரே கத்தரி வேரில் கத்தரிக் கிளையும் தக்காளிக் கிளையும் ஒட்டி, ‘பிரிமேட்டோ’ என்று 2021-ல் காட்டியது. பிலாதி பேகுன் என்று பெயர் வைத்த அந்தக் காலத்து வங்காளியை அப்போது நினைத்துக்கொண்டேன்.

● பிரியாணியிலேயே உருளைக்கிழங்கு போடும் ஊர் இது. அந்த உருளைக்கும் தக்காளிதான் ஒரு பாட்டி! சுமார் 90 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தக்காளியின் மூதாதையும் கிழங்கு வைக்காத இன்னொரு செடியும் கலந்ததில்தான் உருளை இனம் பிறந்தது என்று 2025-ல் வெளியான மரபணு ஆய்வு சொல்கிறது. உறவு நெருக்கம் என்பதால் நோயும் பொது. ஜனவரிப் பனிமூட்டத்தில் உருளை வயலைக் கருக்கும் ‘நாபி தசா’, பின் கருகல் நோய், அதே வேகத்தில் தக்காளியையும் பிடிக்கும். மாடியில் இரண்டையும் அடுத்தடுத்து வைக்காதீர்கள்.

● காயின் அடிப்பக்கம் கறுத்துக் குழிந்தால் உடனே முட்டை ஓட்டைப் போடுகிறோம். அது மண்ணில் கரைய மாதக்கணக்காகும். தொட்டி ஒருநாள் காய்ந்து மறுநாள் நிறைந்தால் சுண்ணாம்புச் சத்து இருந்தும் காய்க்குப் போய்ச் சேராது. தினமும் ஒரே அளவாக நீர் விட்டால் அடுத்த குலை சுத்தமாக வரும்.

● ‘பிராண்டிவைன்’ என்ற புகழ்பெற்ற ரகத்தின் இலை, வெட்டில்லாமல் உருளைக்கிழங்கு இலை போல இருக்கும். இந்தக் குணம் ஒடுங்கு குணம். பக்கத்துத் தொட்டி ரகத்தின் மகரந்தம் கலந்திருந்தால் நாற்றிலேயே வெட்டுவிழுந்த சாதாரண இலை வந்து காட்டிக்கொடுத்துவிடும். பழம்வரை காத்திருக்காமல் அந்த நாற்றை அப்போதே பிடுங்கிவிடலாம்.

● பறித்த தக்காளியைக் குளிர்ப்பெட்டியில் வைக்காதீர்கள். 12 டிகிரிக்குக் கீழே வாசனை தரும் பொருள்களை உண்டாக்கும் வேலை நின்றுவிடும். பிறகு வெளியே எடுத்து வைத்தாலும் முழுசாகத் திரும்பாது.

● பழுத்துக் குவியும் மாசத்தில் வங்காள வீடுகளில் தக்காளிச் சட்னி. நம் சட்னி இல்லை. சாப்பாட்டின் கடைசியில் வரும் இனிப்பு. எண்ணெயில் பாஞ்ச்போரன் என்ற ஐந்து தாளிப்புப் பொருள் கலவை பொரிந்ததும் தக்காளி, அது குழைந்ததும் சர்க்கரை, பேரீச்சம்பழம், துண்டு துண்டாக ஆம்சொத்தோ என்ற மாம்பழத் தோசை. கடைசியில் அப்பளம் வைத்து நக்கிச் சாப்பிட வேண்டும். கெட்டியான தோலுள்ள சந்தைப் பழம் இதில் சுருள் சுருளாக மிதக்கும். நாட்டுப் பழம் கரைந்து போகும்.

● விதை எடுப்பதுதான் இந்தப் பயிரின் உயிர். ஆசையாக எல்லாவற்றையும் தின்றுவிட்டுக் கடைசியில் தொங்கும் சோப்ளாங்கிப் பழத்தை விதைக்கு விடுகிறோமே, அது தப்பு. அப்படிச் செய்தால் ஆண்டுக்கு ஆண்டு தாமதமாகக் காய்ப்பதையும் நோஞ்சானையும் நாமே பொறுக்குகிறோம். நோயில்லாத செடியில், இரண்டாம் அல்லது மூன்றாம் குலையில், நல்ல பிஞ்சாகப் பார்த்து ஒரு நூலைக் கட்டிவிடுங்கள். வீட்டில் யாரும் அதைப் பறிக்கக் கூடாது.

விதையைச் சுற்றியுள்ள வழுவழுப்பு முளைப்பைத் தடுக்கும். பழத்துக்குள்ளேயே விதை முளைத்துவிடாமல் காப்பது அதுதான். பிழிந்து ஒரு தம்ளரில் விட்டு மூடி வைத்தால் குளிர்காலத்தில் மூன்று நாள், மார்ச்சில் ஒன்றரை நாள். மேலே வெள்ளை ஆடை படரும், புளித்த வாடை வரும். தண்ணீர் ஊற்றிக் கலக்கினால் நல்ல விதை அடியில் தங்கும், பொக்கு மிதக்கும். மேலே உள்ளதைச் சாய்த்துவிட்டு மூன்று தடவை அலசுங்கள். நம் ஊர்ப்பக்கம் பாட்டிகள் அடுப்புச் சாம்பலில் புரட்டி எடுப்பார்கள். அதுவும் இதே வேலையைச் செய்யும். பீங்கான் தட்டில் நிழலில் உலர்த்த வேண்டும். காகிதத்தில் போட்டால் விதையின் மயிர் ஒட்டிக்கொண்டு வராது.

● உலர்ந்த விதை சரியாக இருந்தால் நான்கைந்து ஆண்டு முளைக்கும். ஆனால் கொல்கத்தாவின் ஆடி ஆவணி ஈரம் விதையைத் தின்றுவிடும். முதல் வருடம் வேறொரு ரகத்தின் விதையை நான் சாதாரண டப்பாவில் வைத்தேன்; ஜூலையில் திறந்தால் சாம்பல் பூசணம். ஒரு விதைகூட முளைக்கவில்லை. அந்தப் பழத்தின் ருசி அத்தோடு போயிற்று. வேறு யாரிடமும் அது இல்லை. இப்போது அரிசியை வெறும் சட்டியில் வறுத்து, ஆறவைத்து, கண்ணாடிப் போத்தலின் அடியில் பாதிவரை போட்டு, அதன்மேல் விதைப் பொட்டலத்தை வைத்து இறுக மூடுகிறேன். விதையின் ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் இரண்டு மடங்காகும் என்பது விதை அறிவியலின் பழைய கணக்கு.

● விதையைச் சேமிக்கவும், பகிரவும், மாற்றிக்கொள்ளவும், பாதுகாக்கப்பட்ட ரகத்தைப் பெயர் முத்திரையோடு விற்காதவரை விற்கவும்கூட இந்திய விவசாயிக்கு 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டம் உரிமை தந்திருக்கிறது.

● ஒரு பழத்தில் நூற்றுக்கும் மேல் விதை. என் மாடிக்கு ஆறு செடி போதும். மீதியை மடித்து மடித்துக் கொடுத்துவிடுவேன். கீழ்வீட்டுக் காக்கிமா மூன்று வருடமாக அதைத் தன் தொட்டியில் போட்டு, தானே விதை எடுத்து, பாக்பஜாரில் இருக்கும் தங்கைக்கும் அனுப்புகிறார். போன மாசியில் அவர் சமையலறை அலமாரியில் அந்தப் பொட்டலத்தைப் பார்த்தேன். மஞ்சள் கறை படிந்த காகிதம், மேலே வங்காள எழுத்தில் தேதி, அதன் கீழே பெயர்: ‘மாத்ராஜி டொமேட்டோ’.